நரசாபுரம் போன ஸ்டாஃப் நம்பர்

என் வீட்டுக்காரர் பால்கனியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முன்னால் பழைய செய்தித்தாள், அதன்மேல் எங்கள் நீலப் பெட்டி. நாக்கை ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு, மங்கிப்போன எழுத்துகளின்மேல் வெள்ளை பெயிண்டால் மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயர், ஸ்டாஃப் நம்பர், குவார்ட்டர்ஸ் எண், ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்.

மறுநாள் நாங்கள் யாருக்கும் தெரியாமல் ஓர் ஊருக்குப் போவதாக இருந்தோம். நாங்கள் யார் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது பயணத்தின் முதல் விதி. விதியை வகுத்தவரும் அவரேதான்.

“பெட்டி தொலஞ்சுட்டா?” என்றார், நான் கேட்காத கேள்விக்குப் பதிலாக.

சென்ற வாரம் கேஸ் சிலிண்டர் கதையை எழுதியதற்கே அவர் மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வாரமும் கதாநாயகர் அவர்தான். வீட்டில் அமைதியாக இருக்கும் என்பதால் தைரியமாகவே எழுதுகிறேன்.

நம்பர் போட்ட வீடு

அவருக்கு அந்தப் பெரிய தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கு லென்ஸ் இருக்கும். அவர் பார்த்து முத்திரை குத்தாமல் ஓர் இரும்புத் துண்டுகூட வாசலைத் தாண்டாது. அங்கே தீர்ப்பு மூன்றே மூன்று வகை: ஏற்பு, நிராகரிப்பு, மறுவேலை. என் தோசைக்கும் அதே மூன்றுதான். கல்யாணமான புதிதில் நான் சுட்டதெல்லாம் மறுவேலைக்குப் போயிருக்கிறது.

வீட்டில் எல்லாவற்றிலும் நம்பர் இருக்கும். வாளி, ஏணி, இட்லிக் கொப்பரை, துணி காயப்போடும் கொடியின் இரண்டு கம்பங்கள். “நம்பர் போட்டா நம்ம சாமான். பெறவு அதத் திருப்பிக் குடுக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது” என்பது அவர் சட்டம். ஓட்டை வாளிகள் மூன்று இன்னும் எங்கள் பரணில் ஓய்வூதியம் பெறுகின்றன.

பக்கத்து வீட்டு அனசூயா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “அக்கா, மத்தியானம் அசந்து தூங்கிராதீங்க. உங்க நெத்தியிலயும் எழுதிருவாரு.” இப்படி யாராவது நறுக்கென்று ஒன்று சொன்னால் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்துக்கொள்வேன். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு, திருநெல்வேலியில். தெலுங்கு கற்றது தள்ளுவண்டிக் காய்காரம்மாவிடம். இந்தியும் உருதும் பஸ் கண்டக்டர்களிடம். காலண்டர் பின்பக்கம்தான் என் நோட்டுப் புத்தகம்.

தமிழை நிறுத்திய மகள்

எங்களுக்கு ஒரே பெண், சுபா. மாதாப்பூரில் முன்பு பாறைகளும் ஆடுகளும் இருந்த இடத்தில் முளைத்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அவளுக்கு ராத்திரி வேலை. அப்பா காலையில் கம்பெனி பஸ் ஏறப் போகும்போது இவள் கம்பெனி காரில் வந்து இறங்குவாள். வாசலில் இரண்டு நிமிடம் சந்திப்பு. “சாப்டியாம்மா?” “ஹவ்பா”, அதாவது ஆமாம்ப்பா. அந்தக் காலத்தில் ஹைதராபாத்தில் பல வீடுகளில் குடும்பம் நடந்தது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

ஒருநாள் அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். பெயர் கிரண், கூடவே வேலை செய்கிறான். ஊர் கோதாவரி கடலில் கலக்கிற நரசாபுரம். அப்பா இல்லை. அம்மா வரலட்சுமி லேஸ் பின்னல் வேலை எடுத்துச் செய்கிறார்.

“ரிஜெக்ட்” என்றார் இவர். லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

காரணம் கேட்டதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். சாயங்காலம் வந்து வரிசையாக அடுக்கினார். வேறு பாஷை. வேறு ஆட்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நாங்கள் சைவம். அவர்கள் வீட்டு முற்றத்தில் இறால் காயும். “நாத்தத்துல நீ எப்படிப்ளா குடும்பம் நடத்துவ?” ஹைதராபாத் வந்த நாள் முதல் பிரியாணிக் கடைக்கு நேர் எதிரில் பஸ்ஸுக்கு நிற்கிற மனிதர் இதைக் கேட்டார்.

சுபா அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்பாவிடம் ஆங்கிலம், என்னிடம் இந்தி. “சாப்பிட வாளா” என்றால் “பூக் நஹீ ஹை”, பசியில்லை, என்பாள். பெற்ற பெண்ணிடம் பஸ் பயணிபோலப் பேச வேண்டியிருந்தது.

கம்பெனியில் இரண்டு வருடம் அமெரிக்காவுக்குப் போகச் சொன்னார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு தடவை தமிழில் பேசினாள்: “அப்பா ஒரே ஒரு தடவ போய்ப் பாக்கட்டும். பாத்துட்டும் வேணாம்னா, வேணாம். கிரண் கிட்ட நானே சொல்லிடறேன். இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். எப்ப திரும்பி வருவேன்னு மட்டும் கேக்காதீங்க.”

அந்தத் தாள் மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. தினமும் சாப்பிட உட்கார்ந்தால் இவருக்குத் தட்டைவிட அதுதான் முதலில் கண்ணில் படும். நான்காம் நாள், “சரி, இன்ஸ்பெக்சன் போவோம்” என்றார்.

“சொல்லிட்டுப் போவோமா?” என்றேன்.

“சொல்லிட்டுப் போனா அந்தம்மா பெயிண்ட் அடிச்சு வச்சிருப்பா. திடீர்னு போகணும். ஊர் பாக்க வந்த ஆளுக மாதிரி.”

சொல்லிவிட்டு இவர் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தார். ஆரம்பத்தில் பார்த்தீர்களே, அந்தக் காட்சி.

இயற்கையும் கைவினையும்

சாயங்காலம் ரயில் ஏறி மறுநாள் காலையில் நரசாபுரத்தில் இறங்கினோம். லாட்ஜ் பதிவேட்டில் வந்த காரணம் என்ற இடத்தில் இவர் “இயற்கை, கைவினை” என்று எழுதினார். இவர் வாழ்நாளில் இயற்கைக்காக எடுத்த முதல் லீவு அது. ஊருக்கு ஜாக்கிரதையாக “சென்னை” என்று போட்டார். லாட்ஜ் மேனேஜர் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு மேஜையருகே நின்ற நீலப் பெட்டியைப் பார்த்தார். எழுத்து அவ்வளவு பளிச்சென்று இருந்தது. தூரிகை வழுக்கிக் கோணலான கடைசி எண்ணைக்கூடக் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

“சென்னையா சார்?” என்றார் தெலுங்கில்.

“சென்னை” என்றார் இவர், கண் இமைக்காமல்.

மேனேஜர் பவ்யமாகத் தலையாட்டினார். நாங்கள் மாடிப்படி ஏறும்போதே போனைக் கையில் எடுத்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கும் ஒரு ஆசை இருந்தது, கண்டுபிடிக்கட்டுமே என்று.

ஊர் பார்க்க வந்தவர்கள் ஊர் பார்க்காமல் இருக்க முடியுமா? படகுத்துறைக்குப் போனோம். மனிதர், மாடு, மோட்டார் சைக்கிள், தென்னங்கீற்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற பெரிய படகு. கோதாவரி அங்கே அவசரமே இல்லாமல் இருந்தது. கடல் பக்கத்தில் வந்துவிட்டது, இனிமேல் ஓடி என்ன ஆகப்போகிறது என்பதுபோல. கரையோரம் அலையாத்திச் செடிகள் சேற்றுக்குள்ளிருந்து விரல் விரலாக வேரை மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கொக்குகள் அந்த விரல்களுக்கு நடுவே பாதம் நனையாதது போல நடந்தன. உப்பும் சேறும் டீசலும் கலந்த காற்று. நான் படகின் ஓரக் கம்பியைப் பிடித்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இவர் முழு நேரமும் படகு இன்ஜினைப் பார்த்துக்கொண்டு வந்தார். “அந்த போல்ட்டுல ஒரு வாஷர் இல்ல, கேட்டியா?”

அக்கரையில் ஆட்டோ பிடித்து, ஆறு கடலில் சேருகிற முனைக்குப் போனோம். செம்மண் நிறத் தண்ணீர் நீலத்துக்குள் போய், கொஞ்ச தூரம் கலக்காமலே பக்கத்தில் பக்கத்தில் போயிற்று. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவரும் பார்த்தார். ஏதோ மனசு இளகிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“ரெண்டுக்கும் டென்சிட்டி வேற” என்றார்.

திரும்பி வந்து டீ குடித்தோம். டீக்கடைக்காரர் எங்களுக்கு மட்டும் கண்ணாடி டம்ளரை இரண்டு தடவை கழுவினார். ஆட்டோக்காரரிடம் “லேஸ் பாக்கணும்” என்று இவர் ஆரம்பித்ததும் அவர், “வரலட்சுமி காரு வீட்டுக்குத்தானே, உட்காருங்க” என்றார். நாங்கள் அந்தப் பெயரை உச்சரிக்கவே இல்லை.

“பாத்தியா” என்றார் இவர் என் காதில், “நல்ல பேரு எடுத்த அம்மாதான் போல.”

கண்ணில் லென்ஸ் வைத்துப் பிழைக்கிற மனிதருக்குக் கண் எதிரே இருப்பது தெரியாது என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

ஒரு கண்ணி குறைவு

வரலட்சுமியின் வீட்டு முன்கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் ஒரு மாமியார் யாரையோ திட்டிக்கொண்டிருக்க, எல்லாருடைய கண்ணும் அதில். கை மட்டும் தானாகக் கொக்கி ஊசியில் நூலைச் சுற்றி இழுத்து, சுற்றி இழுத்து, கண்ணி கண்ணியாகப் பூவாக்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் நுழைந்ததும் மாமியாரை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியைத் தொடையில் இடித்தாள்.

வரலட்சுமி என்னைவிட நான்கைந்து வயது சின்னவராக இருக்கலாம். வெளுத்த பருத்திப் புடவை, கழுத்தில் நூல் அளக்கும் டேப். தெருப் பெண்களுக்கு நூல் கொடுத்து, பின்னி வந்ததைப் பார்த்து வாங்குவது அவர் வேலை. அவர் பேசிய தெலுங்கை நான் தமிழில் எழுதுகிறேன். அந்தக் கோதாவரிக்கரை இழுவையை எழுத என் பேனாவுக்கு வராது.

“வாங்க சார், வாங்க மேடம். சென்னையிலிருந்து வந்திருக்கீங்களாமே” என்றார்.

இவர் சிரித்தபடி தலையாட்டினார். யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மேஜை விரிப்பு வேண்டும் என்றோம். பெரிதாக ஒன்றை விரித்துப் போட்டார். நடுவில் ஒரு பெரிய பூ, சுற்றிலும் சின்னச் சின்னப் பூக்கள், ஓரத்தில் அலை அலையாக விளிம்பு. வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. தொடப் பயமாக இருந்தது.

இவர் லென்ஸை எடுத்துவிட்டார்.

நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேஜைமேல் குனிந்து, விளிம்பிலிருந்து ஆரம்பித்து, அங்குலம் அங்குலமாகப் போனார். பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி. தீபாவளி போனஸ் வந்த அன்றைக்குக்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

“இங்கே ஒரு கண்ணி குறையுது” என்றார், இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் கற்ற தெலுங்கில். அதில் பாதி உருது, மீதி அதட்டல். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வரலட்சுமி லென்ஸ் கேட்கவில்லை. கண்ணை மூடி விரலால் அந்த இடத்தைத் தடவினார். “ஆமா, குறையுது” என்றார். “நாங்க லேஸைக் கண்ணால பாக்கறது இல்ல சார். கண்ணுக்கு எல்லாமே குறையாத்தான் தெரியும். நனைச்சு, காயவெச்சு, அப்புறம் பாப்போம். நல்ல பின்னல் காஞ்சதும் தன் வடிவத்துக்கு வந்துடும். மோசமானது சுருண்டுக்கும்.” பிறகு, “சாப்பிடற நேரம் ஆச்சு. சாப்பிட்டுட்டு மிச்சக் குறையைப் பாருங்க” என்றார்.

வாழையிலையில் பருப்பு, பலாப்பிஞ்சுப் பொரியல், ஆவக்காய், நெய். எனக்கு இறாலின் வாசமே வரவில்லை. உட்காரும் முன் கை கழுவ அடுக்களைக்குப் போனேன். முற்றத்தில் கருவாடு காயவைக்கும் பாய் சுருட்டி ஓரமாகச் சாத்தியிருந்தது. அடுப்பில் இருந்த பாத்திரத்தின் அடியில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு பாதி கருகி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டியிலும் சீட்டு. பருப்புச் சட்டியிலும் சீட்டு.

காலையில் லாட்ஜில் பெட்டியை இறக்கியதற்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் நடுவில் அந்த அம்மாள் கடைக்குப் போய், மீன் படாத புதுப் பாத்திரங்கள் வாங்கி வந்து சமைத்திருக்கிறார்.  கையைக் கழுவிவிட்டு வந்து இலைமுன் உட்கார்ந்தேன்.

காயட்டும்

இலையை மடித்ததும் வரலட்சுமி வெற்றிலைத் தட்டோடு எதிரில் உட்கார்ந்தார்.

“அன்னய்யகாரு” என்றார். சாரெல்லாம் போய், அண்ணா என்றாகிவிட்டது. “ராமச்சந்திராபுரத்துல இப்போ தண்ணி ஒழுங்கா வருதா?”

இவர் வெற்றிலையை வாயருகே வைத்தபடி உறைந்துபோனார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“பெட்டியிலதான் எழுதியிருக்கீங்களே. லாட்ஜ் மேனேஜர் என் சித்தப்பா மகன். கிரண் போன்ல உங்க பேரையும் ஊரையும் சொல்லி ஆறு மாசமாச்சு. நீங்க படகுத்துறைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குச் செய்தி வந்துருச்சு.”

“அது… நாங்க சும்மா…” என்றார் இவர். தெலுங்கு, உருது, தமிழ், மூன்றும் ஒரே நேரத்தில் கைவிட்டன.

“இன்ஸ்பெக்சன் பண்ண வந்தீங்க. தப்பில்ல. பெண்ணைப் பெத்தவங்க பாக்கணும்தான்.” வரலட்சுமி நிதானமாகப் பாக்கை நறுக்கினார். “ஆனா ஒண்ணு கேட்டீங்களா? நான் இன்னும் சரின்னு சொல்லல.”

இவர் என்னைப் பார்த்தார். இந்தச் சாத்தியத்தை இந்த மனிதர் கனவிலும் யோசித்திருக்கவில்லை.

“சுபா கிட்ட போன்ல பேசியிருக்கேன். தங்கமான பொண்ணு. அவளைப் பத்தி எனக்குக் கேள்வியே இல்ல. என் கவலை வேற. நாள் கிழமைக்கு என் பிள்ளை உங்க வீட்டுக்கு வரணும். ஒவ்வொரு தடவையும் லென்ஸை எடுத்துட்டு வந்து வாசல்ல நின்னீங்கன்னா அவன் என்ன பண்ணுவான்? அப்பா இல்லாத பையன் அன்னய்யகாரு. உங்களை அப்பான்னு கூப்பிட ஆசையா இருக்கான்.”

முன்கூடத்தில் தொலைக்காட்சியை யாரோ அணைத்துவிட்டார்கள்.

“அப்ப சாப்பாடு போட்டது…” என்றார் இவர், வேறு எதுவும் கிடைக்காமல்.

“சாப்பாடு யார் வந்தாலும் போடுவேன். பிள்ளையை யார் வந்தாலும் குடுத்துருவேனா?” என்று சிரித்தார். “ஒரு வாரம் போகட்டும். லேஸுக்கு ஒரு நாள் போதும். மனுஷங்க காய ஒரு வாரமாவது வேணாமா?”

 திரும்பும்போது ரயில் பாதி வழி தாண்டியதும் இவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, “லென்ஸ மேஜையிலயே வச்சுட்டேன்ளா” என்றார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

நிராகரிப்புப் பயம்

வீட்டுக்கு வந்தால் சுபாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அம்மா மகனுக்கு, மகன் இவளுக்கு. “கைக்கு மம்மி இத்னா டிராமா?”, எதுக்கும்மா இவ்வளவு நாடகம், என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அமெரிக்கத் தாள் பாட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது.

அந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன். பையன் வேண்டாம் என்று குதித்த மனிதர், காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்பார்: “நம்ம பொண்ணுக்கு என்ன கொறச்சல்? நமக்குத்தான் என்ன கொறச்சல்?”

“எதுவும் இல்லையே” என்பேன்.

“பின்ன எப்படி அந்தம்மா வேண்டாம்னு சொல்லலாம்?”

“இன்னும் சொல்லலையே.”

“சொல்லிட்டா?”

நான்காம் நாள் தோசையைப் பிட்டு, வழக்கம்போலத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நான் கரண்டியோடு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். ஐந்தாம் நாள் அனசூயாவிடம், “கோதாவரி ஜில்லாக்காரங்க நல்ல மாதிரிதானேம்மா?” என்று கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் ஓடி வந்தாள்: “அக்கா, உங்க வீட்டுக்காரர் முகம் பரீட்சை எழுதிட்டு வந்த பிள்ளை முகம் மாதிரி இருக்கே!” காலண்டர் பின்பக்கத்தில் அது இருக்கிறது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் வீட்டில். முந்தைய ராத்திரி ரயிலில் வந்த யாரிடமோ வரலட்சுமி கொடுத்தனுப்பியிருந்த ஒரு சின்னப் பொட்டலத்தை கிரணின் நண்பன் வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். கடிதம் எதுவும் இல்லை.

உள்ளே லென்ஸ் இருந்தது. லென்ஸுக்கு ஓர் உறை. வெள்ளை நூலில் பின்னியது; உள்ளங்கை அளவு, வாயில் இழுத்துக் கட்ட ஒரு சரடு. ஓரத்தில் கோதாவரி அலைகள். நடுவில் பூ இல்லை. அந்த இடத்தில் எழுத்துகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பின்னியிருந்தார். அவர் பெயர், ஸ்டாஃப் நம்பர், குவார்ட்டர்ஸ் எண். பெட்டியில் இருந்த அதே சாய்வு; லாட்ஜ் மேனேஜர் பார்த்து வரைந்து கொடுத்திருக்க வேண்டும். கோணலாகப் போன அந்தக் கடைசி எண்கூட அதே கோணலில்.

இவர் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். லென்ஸைக் கண்ணில் வைத்தார். சுபா அறை வாசலில் வந்து நின்றாள்.  விளிம்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கண்ணியாகப் போனார். ஓரிடத்தில் கை நின்றது.

“ஒரு கண்ணி இல்ல” என்றார்.

சுபாவின் முகம் சின்னதாகிவிட்டது.

“வேணும்னே விட்டிருக்கா” என்றார். லென்ஸை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் அந்த இடத்தை ஒருதரம் தடவினார், அந்த அம்மாள் செய்தது போலவே.

“என்னங்க,” என்றேன், “என்ன சொல்லுதீங்க?”

“இனி என்னத்தச் சொல்லதுக்கு?” லென்ஸை உறைக்குள் போட்டுச் சரடை இழுத்துக் கட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நம்பர் போட்டாச்சுல்லா.”

சுபா மேஜைக்கு வந்தாள். ஊறுகாய் பாட்டிலைத் தூக்கி அந்தத் தாளை எடுத்து, நான்காக மடித்தாள்.

“அம்மா, பசிக்குது” என்றாள், தமிழில்.